தேயிலைத் தோட்டத்தில் உடைமை

உடைமை என்னும் சொல் எல்லாவிடத்தும் ஒரே பொருளைத் தருவதன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாகப் பகுத்துக் காண்பது தேசவழமையின் முறை. முன்னோர் விட்டுச் சென்றது முதுசொம். பெண் மணம் புகும்போது கொண்டு வருவது சீதனம். கணவனும் மனைவியுமாய்ச் சேர்ந்து ஈட்டுவது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1706 இல் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். 1707 இல் அவை சட்டமாக நடைமுறைக்கு வந்தன. இப்பகுப்பைச் சிறு வயது முதற் கேட்டுப் பழகிய நாம், அதன் அடியில் ஒரு பொருள் சொல்லாமலே கொள்ளப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. குடும்பத்துக்கு வளவென்றோ வயலென்றோ ஏதேனும் ஒரு துண்டு காணி உண்டு என்பதே அது. காணியில்லாக் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் உள. வழமை அவர்களை எண்ணித் தொகுக்கப்பட்டதன்று.

தேசவழமை மலையகத் தமிழரை ஆளும் சட்டமன்று. அவர்களுடைய சொத்துரிமை நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆயினும் நமக்குப் பழகிய அளவுகோலை எடுத்துக்கொண்டு அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களுட் சென்று அளந்து பார்ப்பது பயனுடைய ஆராய்ச்சியே. நான்கைந்து தலைமுறையாக ஒரே மலையில் உழைத்து ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அவ்விடத்தில் முதுசொம் யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சொல்லின் வேற்றுமையே இங்கு பாதி விடையாகும். வடக்கில் 'என் தோட்டம்' என்று ஒருவர் கூறினால் அவர் நட்ட மிளகாயும் வெங்காயமும் நிற்கும் அவர் நிலத்தைக் குறிக்கிறார். மலையகத்தில் 'எங்கள் தோட்டம்' என்பது தாம் வேலை செய்யும் பிறருடைய நிலத்தின் பெயர்.

அந்நிலம் பிறருடையதான வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ சேனையாகவோ கிடந்த நிலத்துக்கு உரிமைப்பத்திரம் முதலிய சான்று காட்ட முடியாவிடின் அது முடிக்குரியது எனக் கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தார் தலைமுறையாக மாடு மேய்த்தும் விறகு வெட்டியும் சேனை செய்தும் வந்த மலைச்சாரல்கள் இவ்வாறு அரசுக்குச் சேர்ந்தன. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அவை விற்கப்பட்டன. வாங்கினோருள் அரசின் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். 1844 இல் விலை ஒரு பவுணாக உயர்ந்தது. ஆகவே தமிழ்த் தொழிலாளி வந்து காட்டை வெட்டிய அன்றே அக்காட்டுக்கு உடையவன் ஒருவன் இருந்தான். நிலத்தை இழந்த கிராமத்தானும் நிலமின்றி வந்த தொழிலாளியும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் ஐயுற நேர்ந்தது இந்நாட்டு வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று.

காப்பிக் காலத்தில் இது தொழிலாளிக்குப் பெருங்குறையாகத் தோன்றவில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே அவன் வந்தான். பருவம் முடிந்ததும் மீண்டும் கடல் கடந்து ஊருக்குச் சென்றான். அவன் உடைமை என்று எண்ணியது திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் பகுதிகளில் விட்டு வந்த குடிசையையும் அடகிற் கிடந்த வயற்றுண்டையுமே. 1869 இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். கொழுந்து கிள்ளும் கைகளும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருத்தல் வேண்டும். அதனால் ஆண்மகன் தனித்து வருவது மாறிக் குடும்பமாக வந்து தங்கும் நிலை ஏற்பட்டது. ஊரிலிருந்த வயற்றுண்டு அண்ணன் தம்பியர் கைக்கோ கடன் கொடுத்தவன் கைக்கோ போயிற்று. அங்கிருந்ததும் நீங்கியது, இங்கு ஒன்றும் சேரவில்லை.

தேயிலை விளையும் வேறொரு மலைநாட்டை ஒப்பு நோக்கினால் இந்நிலை மேலும் தெளிவாகும். யாவாத் தீவின் மேற்கே பிரியாங்கான் என்னும் மலைப்பகுதியில் வாழ்வோர் சுந்தானியர். அங்கும் ஒல்லாந்த அரசு, எவரும் தமதென்று நிறுவாத நிலம் அரசினது என 1870 இற் கூறியது. ஆயின் அதனை விற்காது, 75 ஆண்டு வரையான நீண்ட குத்தகைக்கே தோட்டக்காரருக்குக் கொடுத்தது. குடியானவர் நிலத்தை அந்நியர் விலைக்கு வாங்குவதும் தடுக்கப்பட்டிருந்தது. பாங்கலெங்கானுக்கு அருகே 1896 முதல் பொஸ்கா என்பார் நடத்திய பெருந்தோட்டத்தின் பெயர் மலபார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தனர் என்பதை இங்கு நினைந்து புன்னகை செய்யலாம். பிரியாங்கான் தோட்டங்களிற் கொழுந்து கிள்ளியோர் பெரும்பாலும் அயற் கிராமங்களின் சுந்தானியப் பெண்டிர். மாலையில் அவர்கள் திரும்பிச் சென்றது தூண்களின்மீது மரத்தாலும் மூங்கிலாலும் அமைத்த சொந்த வீட்டுக்கு. வயலில் ஆணும் பெண்ணும் பங்கு பெறுவர். வயலில்லாதோர் அங்கும் பலர். பாதி விளைச்சலுக்குப் பிறர் வயலில் உழைத்தோரும் பலர். ஆயினும் தோட்டத்து வேலையை இழந்தவள் அதே நாளில் அடுப்பையும் இழந்தாளல்லள். நம் மலையகத்தில் இரண்டும் ஒன்றாகவே பிணைக்கப்பட்டிருந்தன.

இனி முதுசொத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் பெயரைத் தாங்கிய பழைய பத்திரம் காணி உறுதியன்று, கடன் பத்திரம். கங்காணி ஊரில் ஆள் சேர்க்கும்போது வழிச் செலவும் முற்பணமும் தொழிலாளி பேரிற் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்பினால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய துரை அக்கடனைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தீராது, கைமாறும். நில உறுதி கைமாறும்போது நிலம் கைமாறுவதுபோல, துண்டு கைமாறும்போது மனிதர் கைமாறினர். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது கடன் என்பதால், அன்றைய முதுசொம் அதுவே என்று கூறினும் தவறாகாது.

கடனுக்கு அடுத்தபடியாக இறங்கி வந்தது லயத்துக் காம்பரா. ஒரே கூரையின்கீழ் வரிசையாகவும், பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியனவாகவும் கட்டப்பட்ட அறைகளே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய காம்பராவின் பொது அளவு. 120 சதுர அடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. அங்கு அடுப்பு; அங்கேயே வரும் விருந்தினருக்குப் படுக்கை. வரிசைக்குப் பொதுவாகப் பீலித் தண்ணீர். மகனுக்கு மணமானால் காம்பராவின் நடுவே ஒரு சேலை தொங்கும். அதுவே புதுக்குடித்தனத்தின் எல்லைச் சுவர். லயத்துக்கு இலக்கமுண்டு, வீடு என்ற முறையில் அஞ்சல் முகவரி இல்லாதிருந்தது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து அங்கிருந்து பிரட்டுக் களத்தில் விநியோகமாயின. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாட்கடந்து கைக்கு வந்த மாணவர் கதைகள் மலையகத்தில் அரியனவல்ல.

ஓரிடம் ஒருவனது வீடுதானா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அவன் தன் விருப்பப்படி விருந்தினரை அழைக்க முடியுமா என்று கேட்டல் வேண்டும். லயத்துக்கு வந்த வெளியாரை, தொழிலாளியின் அழைப்பின்பேரில் வந்தாராயினும், அத்துமீறிப் புகுந்தார் என நீதிமன்றத்துக்கு இழுத்த காலம் இருந்தது. தொழிற்சங்கத்தார் தோட்டத்துட் சென்று அங்கத்தவரைச் சந்திப்பதற்கே தனிச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. அது 1970 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம். வேலை நீக்கமும் அவ்வாறே. பற்றுச்சீட்டுப் பெற்றவன் சம்பளத்தோடு கூரையையும் விட்டு, சட்டி பானையோடு பாதையில் நிற்க வேண்டியவனானான். வேலைநிறுத்தங்கள் பலவற்றின் பின்னால் கூலியைவிட இவ்வச்சமே கூடுதலாக இருந்தது என்பது நம் கருத்து.

இக்காரணத்தினாலேயே தோட்டத்தில் 'பேர்' என்பது ஒருவகைச் சொத்தாயிற்று. செக்ரோலில் ஒருவர் பேர் பதிவாயிருக்கும் வரை காம்பரா அக்குடும்பத்துக்குரியது. தாய் ஓய்வுபெறும்போது மகனோ மருமகளோ பேர் பதிந்தாக வேண்டும். குடும்பத்தில் ஒருவரும் தோட்ட வேலையில் இல்லையேல் காம்பராவை விடும்படி கேட்கப்படலாம். படித்து முன்னேறிய இளைஞன் கொழும்பிலோ பாடசாலையொன்றிலோ தொழில் பார்க்க, அவன் வீட்டுக் கூரையைக் காப்பதற்காகத் தங்கை கூடை சுமப்பதை நாம் கண்டிருக்கிறோம். நம் மாணவர் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். பட்டம் பெற்ற ஒருவனது முன்னேற்றத்தின் செலவை எவர் கொடுத்தார் என்ற கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.

சீதனம் மலையகத்தில் பெரும்பாலும் அணியும் பொருளாகவும் சுமக்கும் பொருளாகவும் அமைந்தது. தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி. பித்தளைக் குடம், குத்துவிளக்கு. நிலமில்லாதோர் பொன்னை நாடுவது அறியாமையன்று. துரத்தப்பட்டால் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடியது அது. மழை மிகுந்து வேலைநாள் குறைந்த மாதத்தில் நகரத்து அடகுக் கடையில் வைத்து அரிசி வாங்கக்கூடியதும் அதுவே. ஆகையால் ஒரு சோடித் தோடு பெண்ணின் காதில் இருக்கும் நாட்களிலும் அடகிற் கிடக்கும் நாட்கள் மிகுதி. தோட்டத்தின் வருவாய் பெரிதும் பெண்ணின் விரல் நுனியிலிருந்தே பிறக்கிறது. அவள் கூலியோ நெடுங்காலம் தாழ்ந்தே இருந்தது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இற் குறைந்த கூலி விதிக்கப்பட்டபோது மலைநாட்டு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலி. இருவர் கூலியும் சமமானது 1984 இலேதான். அதன் பின்னரும் மனைவி பெயரில் விழும் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கிவரும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. தேடிய தேட்டத்திற் கணவனுக்கும் மனைவிக்கும் பங்குண்டு என்னும் தேசவழமைக் கொள்கையை இங்கு நினைவு கூர்வது பொருந்தும்.

தேடிய தேட்டத்தைக் காண விரும்புவோர் லயத்தின் பின்புறம் செல்ல வேண்டும். அங்கேதான் தொழிலாளி தன் மனப்படி வாழ்ந்த வாழ்க்கை உள்ளது. ஓடையோரத்திலும் தேயிலை நடாத பள்ளத்திலும் கல் அடுக்கி மண் நிரப்பிப் படிப்படியாக அமைத்த பாத்திகளிற் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட் பயிராகின்றன. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டபோது நுவரெலியாப் பகுதியில் இச்சிறு பாத்திகளுக்கும் மதிப்பு ஏறிற்று. பாத்திக்கு எரு தருவது மாடு. அந்தி வேலை முடிந்து புல்லறுத்துச் சுமந்து வந்து வளர்த்த பசுவின் பால் காலையிற் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கன்று விற்ற பணத்திற் பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் கட்டப்படுகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் விழும் மிலாறு விறகாக வீடு சேர்கிறது. மாதச் சீட்டு ஒருபுறம். தீபாவளி முற்பணம் ஒருபுறம். இவற்றிடையே சிறிது சிறிதாகத் தகரமும் பலகையும் சேர்த்துக் காம்பராவின் பின்னே ஓர் அடுக்களையும் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேசை போடும் இடமும் எழுகின்றன.

இவ்வளவும் பிறர் நிலத்தின்மேல் நிற்கின்றன. பாத்தி துரையின் இசைவினால் உள்ளது. அல்லது அவர் காணாதவர்போல் இருப்பதனால் உள்ளது. புதிய துரை வந்து அவ்விடத்தில் தேயிலை நடவேண்டுமென்றால் முப்பதாண்டு உழைப்பிற் பண்பட்ட மண்ணை விட்டுக்கொடுத்தல் வேண்டும். காகிதத்திற் பதிந்த முதற் சேமிப்பு என்று சொல்லத்தக்கது 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தால் வந்தது. அங்கத்துவ இலக்கம் எழுதிய அந்த அட்டையைத் தகரப் பெட்டியில் சாமி படத்தோடு வைத்துக் காத்த முதியோர் பலர்.

பொதுவுடைமையாக இருந்தது கோயில். தோட்டத்திற் கம்பனி கட்டாத கட்டடம் பெரும்பாலும் அது ஒன்றே. சம்பளத்திற் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தொழிலாளர் தாமே கொடுத்த பணத்தால் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில்கள் எழுந்தன, தேர் செய்யப்பட்டது, காமன் கூத்துக்குரிய உடையும் தப்பும் பாதுகாக்கப்பட்டன. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளிப்படுகிறது. மக்கள் இறங்கிச் சென்று கும்பிட்டு வருகின்றனர்.

நில உரிமைக்கு முன்னே குடியுரிமை நிற்கிறது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்காணிகளை இலங்கையர் என வரையறுத்தோருக்கே வழங்க இடமளித்தது. தோட்டத் தமிழர் அவ்வரையறைக்கு வெளியே நின்றனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். கொண்டுசெல்லத்தக்க நகைக்கும் பணத்துக்கும் வரம்பு உண்டு. சேமலாப நிதி கணக்கில் வந்தது. கொட்டிலும் பாத்தியும் தாம் நட்ட கொய்யா மரமும் எக்கணக்கிலும் வரவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை அவர்களுடையனவாக என்றும் இருந்ததில்லையாதலால், விற்பதற்கும் ஈடு கேட்பதற்கும் ஒன்றுமில்லாதிருந்தது. சென்றோருட் பலர் நீலகிரியிற் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மீண்டும் தேயிலை மலைக்கே ஏறினர்.

இங்கிருந்தோருக்கு 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் ஒரு வாயில் திறக்குமென நம்பினோர் உண்டு. தனியார் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பிட்ட அச்சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் துரையை மாற்றின. தொழிலாளிக்குக் காணி தரவில்லை. மாறாகப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்திலிருந்தோரே வெளியேற நேர்ந்தது. அட்டனை அடுத்த டெவன் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முற்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1977 மே 11 அன்று சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி மாண்டார். ஒரு சாண் நிலமும் தன் பெயரில் இல்லாதவர் தோட்டக் காணியைக் காக்க உயிர் கொடுத்தார். பயிர் நிற்கும் நிலம் போனால் வேலை போகும்; வேலை போனால் காம்பரா போகும் என்பதை அவர்கள் ஏடு பாராமலே அறிந்திருந்தனர். 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் மீண்டும் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, கூரையின்கீழ் இருப்போர் இவ்விரண்டிலும் சேராதவர்.

குடியுரிமைப் பிரச்சினை 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீர்ந்தது. காணிப் பிரச்சினை அவ்வேகத்தில் நகரவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவிடுவதற்கே தடையாக இருந்தது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் ஊவாவின் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. வேறிடம் போக வேண்டுமாயின் வேறோரிடம் இருத்தல் வேண்டுமன்றோ? அதன் பின்னர் லயத்துக்கு மாறாகத் தனி வீடு, குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம், அதற்கு உறுதி என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் கட்டத் தொடங்கப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

7 பேர்ச்சஸ் என்பது நம் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைவு; ஏறக்குறைய 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவிற் பிறந்தவருக்கு அது சிறிதன்று என்பதை யாழ்ப்பாணத்து வளவிலிருந்து நோக்கும் நாம் மறத்தலாகாது. ஆயினும் வீடு கட்டி முடிந்த இடங்களிலும் உறுதி உடனே வருவதில்லை. நில அளவை, குத்தகையிலிருந்து விடுவித்தல், பதிவு எனக் காரியங்கள் நீளுகின்றன. உறுதியில்லாத வீட்டை ஈடு வைத்து வங்கியிற் கடன் பெற இயலாது. உறுதி எழுதும்போது அது எவர் பெயரில் எழுதப்படும் என்பது மற்றொரு வினா. செக்ரோலிற் பேர் பதிந்து கூரையை இதுவரை காத்தவள் பல வீடுகளில் மனைவி. படிவத்திற் குடும்பத் தலைவர் என்னும் கட்டத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் கணவன் பெயர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்பதே நம் துணிபு. இன்னுமொன்று: 7 பேர்ச்சஸுக்குள் வீடும் முற்றமும் அடங்கும். ஓடையோரத்து லீக்ஸ் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் அந்த எல்லைக்கு வெளியே, கம்பனியின் குத்தகைக்குள்ளே நிற்கின்றன.